மொராக்கோவுல ரெண்டாம் கல்யாணத்துக்குத் தடையா? முதவ்வனா பத்தி ஒரு இழை

கேள்வி | 4 ஜனவரி 2025
"மொராக்கோ ராஜா பலதார மணத்தையே தடை பண்ணிட்டாராம், சொத்துலயும் ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் சரிபாதியாம், எங்க குரூப்புல வீடியோ ஓடுது. முழுக்க முழுக்க முஸ்லிம் நாடு, அங்க எப்படி இது நடக்கும்? குர்ஆன்ல இருக்குறத மாத்த ராஜாவுக்கு யார் அதிகாரம் குடுத்தது? காசாபிளாங்காவுலேர்ந்து ஒரு காயல்பட்டினத்து லாத்தா (அக்கா) இங்க எழுதுவாங்களே, அவங்க சொல்லட்டும்." (துபாய் தம்பி ஒருத்தர்)

4 ஜனவரி, ராத்திரி
ரெண்டும் பொய். தடையும் இல்ல, சரிபாதியும் இல்ல. டிசம்பர் 23 இங்க காசாபிளாங்கா அரண்மனையில ராஜா தலைமையில ஒரு கூட்டம், மறுநாள் ரபாத்துல நீதி மந்திரி வஹ்பி, குடும்பச் சட்டத்துல என்னென்ன மாத்தலாம்னு நினைக்கிறோம்னு விளக்கினாரு. யோசனைதான். மசோதா இன்னும் பார்லிமெண்டுக்கே போகல. நாளைக்கு விவரமா எழுதுறேன், பிள்ளைக்கு பரீட்சை.

5 ஜனவரி
சரி, முதல்லேர்ந்து. இங்க குடும்பச் சட்டத்துக்கு முதவ்வனான்னு பேரு. 1956ல பிரான்ஸ்கிட்டேர்ந்து விடுதலை, 57-58ல உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) உக்காந்து மாலிக்கி மத்ஹபை (சுன்னி சட்ட வழிகள்ல ஒண்ணு) வச்சு தொகுத்தாங்க. அதுல பொண்ணுக்கு கல்யாண வயசு 15, பையனுக்கு 18. பொண்டாட்டி புருஷனுக்கு கீழ்ப்படியணும்னு எழுத்துலயே இருந்துச்சு. புருஷன் தலாக் சொல்லிட்டுப் போயிடலாம், பொண்டாட்டி வெளிய வரணும்னா தனக்கு நடந்த கொடுமைக்கு சாட்சி கொண்டு வரணும், இல்லாட்டி காசைத் திருப்பிக் குடுத்து குலா (பொண்டாட்டி கேட்டு வாங்குற விவாகரத்து) வாங்கணும். அப்படியே 2004 வரைக்கும் ஓடுச்சு, நடுவுல 93ல ஒரு சின்ன ஒட்டு.

2004ல வந்ததுதான் பெரிய மாத்தம். சட்ட எண் 70-03, 400 பிரிவு. ரெண்டு பேருக்கும் கல்யாண வயசு 18. வயசு வந்த பொண்ணு வலி (பொண்ணு சார்பா கட்டிக் குடுக்குற ஆம்பளைப் பொறுப்பாளர்) இல்லாம தானே நிக்காஹ் ஒப்பந்தம் பண்ணலாம், ஆசைப்பட்டா வாப்பாவை வச்சும் பண்ணலாம். குடும்பப் பொறுப்பு ரெண்டு பேருக்கும். தலாக் கோர்ட்டு வழியாத்தான். ரெண்டாம் கல்யாணத்துக்கு ஜட்ஜு அனுமதி வேணும், மொத பொண்டாட்டிய கூப்பிட்டு விசாரிக்கணும், உண்மையிலேயே தவிர்க்க முடியாத காரணம்னும் ரெண்டு வீட்டையும் தாங்குற வருமானம் இருக்குன்னும் காட்டணும். இதெல்லாம் இருபது வருஷமா இருக்கு தம்பி. உங்க வீடியோக்காரருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு.

5 ஜனவரி, இன்னும் கொஞ்சம்
"யார் அதிகாரம் குடுத்தது"ங்கறதுக்கு பதில் சொல்லாம விட்டுட்டேன்னு ஒரு காக்கா (எங்க ஊர்ல அண்ணனை அப்படித்தான் சொல்லுவோம்) உள்பெட்டியில வந்து இடிக்கிறாரு. இங்க ராஜாதான் அமீருல் முஃமினீன் (விசுவாசிகளோட தலைவர்), அரசியல் சட்டத்துலயே அப்படித்தான். உலமா கவுன்சிலுக்கு தலைவரும் அவருதான். ஆனா அவரே 2003 அக்டோபர் 10 பார்லிமெண்டுல பேசறப்ப சொன்னது, அல்லாஹ் ஹராமாக்கினத நான் ஹலாலாக்க முடியாது, ஹலாலாக்கினத ஹராமாக்கவும் முடியாதுன்னு. 2022 ஜூலை 30 பேச்சுலயும் அதே வார்த்தை. அதனால பலதார மணத்தை மொத்தமா தடை பண்ற பேச்சே இல்ல. அந்த வழியில போனது துனிசியா. அங்க பிரதமரா இருந்த பூர்கீபா 1956 ஆகஸ்ட் 13 ஒரே சட்டத்துல ஒழிச்சுட்டாரு, இன்னைக்கும் அந்தத் தேதிதான் அங்க மகளிர் தினம். மொராக்கோ அந்தக் கதவைத் திறந்தே வச்சிருக்கு, ஆனா கதவு முன்னாடி ஒரு ஜட்ஜை உக்கார வச்சிருக்கு.

7 ஜனவரி
"அப்போ ஆம்பளைங்க எல்லாரும் கஷ்டப்படுறாங்களா லாத்தா"ன்னு கேட்ட மதுரைக்காரருக்கு: இல்ல. இங்க ரெண்டாம் கல்யாணம் கணக்குல பாத்தா ஆயிரத்துல மூணு நாலு. நான் இங்க வந்ததுலேர்ந்து ரெண்டு பொண்டாட்டிக்காரர் ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. ஃப்ளாட் வாடகையைக் கேட்டா நீங்களும் ஒத்தப் பொண்டாட்டிதான்.

9 ஜனவரி
இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம், பலதார மணம்னா எல்லாரும் ஓடி வர்றீங்க, இதுக்கு யாரும் வர மாட்டீங்கன்னு தெரியும், இருந்தாலும் எழுதறேன்.

எங்க எதிர் ஃப்ளாட்ல ஒரு லல்லா இருக்காங்க (இங்க மரியாதையா பொம்பளைங்கள அப்படித்தான் கூப்பிடுவாங்க). விவாகரத்து ஆனவங்க. பையன் அவங்ககிட்டதான், கோர்ட்டே அப்படித்தான் தீர்ப்பு குடுத்துச்சு. சாப்பாடு, காய்ச்சல், வீட்டுப்பாடம், சண்டை, எல்லாம் அவங்க தலையில. ஒரு வருஷம் வேலை மாறி வேற ஏரியாவுக்குப் போக வேண்டி வந்து, பையனோட டி.சி. வாங்க ஸ்கூலுக்குப் போனாங்க, அரபிலயும் பிரெஞ்சுலயும் எனக்கு இருக்குற தைரியம் உங்களுக்குத் தெரியும், சும்மா துணைக்குத்தான் நானும் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு ஃபைலப் பாத்துட்டு தலையே தூக்காம "அப்பாவோட கையெழுத்து?"ன்னு கேட்டுச்சு. அப்பா இத்தாலியில. போன் எடுக்க மாட்டாரு. எடுத்தா ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லு, அப்புறம் கையெழுத்து பத்திப் பேசலாம்பாரு. லல்லா பையிலேர்ந்து கோர்ட்டுத் தீர்ப்பு, குடும்பப் புத்தகம், தன்னோட அடையாள அட்டைன்னு ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா வைக்க, அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா அதே வரிசையில திருப்பித் தள்ளுச்சு. சத்தம் போடல, மரியாதைக்குறைவும் இல்ல. சட்டம் அப்படி.

ஏன்னா 2004 சட்டத்துல ரெண்டு வேற வேற சாமான் இருக்கு. பிள்ளையை வளக்குறது ஹதானா, அது உம்மாவுக்கு. பிள்ளை சார்பா கையெழுத்துப் போடுறது நியாபா, அது வாப்பாவுக்கு. உம்மாவுக்கு எப்ப வரும்னா வாப்பா மவுத்தாகணும் (சாகணும்), இல்ல காணாமப் போகணும், இல்ல புத்தி சரியில்லாம ஆகணும். இத்தாலியில உக்காந்துக்கிட்டு போன் எடுக்காதது இந்த மூணுலயும் வராது. பாஸ்போர்ட்டு, ஸ்கூல் மாத்தறது, பிள்ளை பேர்ல பேங்க்ல போட்ட காசை எடுக்கறது, எல்லாத்துக்கும் அதே கையெழுத்து.

10 ஜனவரி
கோர்ட்டுக்குப் போயிருக்கலாமேன்னு கேக்குறீங்க. போனாங்க. அவசர மனு போடலாம், ஜட்ஜு அனுமதி குடுப்பாரு. அதுக்குள்ள ஸ்கூல் திறந்துரும். ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒவ்வொரு மனு, ஒவ்வொரு வக்கீல் ஃபீஸ், ஸ்டாம்பு. நான் சொல்றது அந்த அலைச்சலைத்தான்.

டிசம்பர் யோசனையில என்னைப் பொறுத்தவரைக்கும் பெருசு இதுதான்: நியாபா ரெண்டு பேருக்கும் பொதுவா ஆகும், கல்யாணத்துல இருக்கும்போதும், முறிஞ்ச பிறகும். ஒத்துப் போகலன்னா குடும்ப ஜட்ஜு முடிவு பண்ணுவாரு. கூடவே, உம்மா மறுகல்யாணம் பண்ணினா பிள்ளையை இழக்கணும்ங்கறதும் போகும். இப்ப இருக்குற சட்டத்துல பிள்ளைக்கு ஏழு வயசு தாண்டிட்டா உம்மாவோட மறுகல்யாணத்தைக் காட்டி வாப்பா கேஸ் போடலாம், அவரு மட்டும் எத்தனை கல்யாணம் பண்ணினாலும் கேள்வி இல்ல. எதிர்வீட்டு லல்லாவை நல்ல ஒரு மனுஷர் கேட்டு வந்தாரு. வேண்டாம்னுட்டாங்க. காரணம் இந்தப் பிரிவுதான்.

13 ஜனவரி
"இதெல்லாம் மேலைநாட்டுக்காரன் காசு குடுத்து செய்ய வைக்கிறது"ன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. காக்கா, 1992ல இந்த நாட்டுப் பொம்பளைங்க தெருத்தெருவா போயி பத்து லட்சம் கையெழுத்து வாங்கினாங்க. ஆரம்பிச்சது பெண்கள் செயல் சங்கம், லத்தீஃபா ஜபாப்தி அதுல முன்னணி. அவங்க ஒரு காலத்துல ஜெயில்ல இருந்தவங்க, 83லேர்ந்து "மார்ச் 8"ன்னு பத்திரிகை நடத்தினவங்க. அதுக்கு அப்போ ராஜாவா இருந்த ஹசன் 93ல குடுத்தது கொஞ்சம்தான், ஆனா அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு இருந்த சட்டம், தொட்டா ஒண்ணும் ஆகாதுன்னு ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்புறம் 2000 மார்ச் 12. ஒரே ஞாயித்துக்கிழமை ரெண்டு ஊர்வலம். ரபாத்துல மாத்தணும்னு ஒண்ணு, காசாபிளாங்காவுல மாத்தக்கூடாதுன்னு ஒண்ணு. இங்க காசாபிளாங்காவுல நடந்ததுதான் பெருசு, ஆளே எண்ண முடியல, அதுல பொம்பளைங்க கூட்டம் கூட்டமா. இதை மறைச்சுட்டுப் பேசறதுல எனக்கு இஷ்டமில்ல. எங்க பில்டிங்ல கீழ்வீட்டு பாட்டியம்மா அதுல நடந்தவங்க, "நாங்க எங்க தீனை (மார்க்கத்தை) காப்பாத்தப் போனோம், அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு யாரும் படிச்சுக் காட்டல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. அவங்க மகளுக்கு பின்னாடி விவாகரத்து ஆச்சு, 2004 சட்டத்துல வந்த ஷிகாக் வழியில. ஒத்துப்போகலன்னு சொன்னாலே போதும், அடிச்சதுக்கு சாட்சி வேணாம், ஆறு மாசத்துல கோர்ட்டு முடிச்சுக் குடுக்கணும். பாட்டியம்மா இப்ப அந்தச் சட்டத்துக்கு துஆ செய்யறாங்க, டிசம்பர் யோசனையைத் திட்டுறாங்க. ரெண்டும் ஒரே மூச்சுல.

13 ஜனவரி, பின்குறிப்பு
2001ல ராஜா ஒரு கமிஷன் போட்டாரு, மூணே மூணு பொம்பளைங்க அதுல, கடைசியில பூசெத்தான்னு ஒரு மூத்த அரசியல்வாதி தலைமை. 2003 மே 16 இந்த ஊர்ல இஸ்லாமியத் தீவிரவாதிங்க வச்ச குண்டு வெடிச்சுச்சு. அதுக்கப்புறம் எதிர்த்தவங்க குரல் இறங்கிப்போச்சு. 2000ல ஊர்வலத்துல நடந்த பிஜேடி கட்சிக்காரங்களே (நம்ம ஊர் கட்சி இல்ல, பதறாதீங்க, இது இங்க உள்ள இஸ்லாமியக் கட்சி) 2004 ஜனவரியில கை தூக்கி ஓட்டுப் போட்டாங்க. இப்ப அதே கட்சியோட பின்கீரான் மறுபடி எதிர்க்கிறாரு.

22 ஜனவரி
நேத்து ஈராக் பார்லிமெண்டுல நடந்தது பாத்தீங்களா? 1959 சட்டம், எண் 188. ஷியா சுன்னி எல்லாருக்கும் ஒரே சட்டம்னு இருந்தது. இப்ப அவங்கவங்க மத்ஹபை எடுத்துக்கலாம்னு திருத்திட்டாங்க. கல்யாண வயசு கீழ போயிருமோன்னு அங்க பொம்பளைங்க பயப்படுறாங்க. "முஸ்லிம் நாட்டுல சட்டம் மாறவே மாறாது"ன்னு சொல்றவங்களுக்கும் இது பதில், "மாறினா முன்னாடிதான் போகும்"னு நம்பறவங்களுக்கும் இது பதில். ஈரான்லயும் இப்படித்தான், ஷா 1967ல கொண்டு வந்த குடும்பப் பாதுகாப்புச் சட்டம் 79ல போச்சு. எகிப்துல ஜனாதிபதி சாதாத் 79ல பார்லிமெண்ட் இல்லாத நேரமாப் பாத்து கொண்டு வந்த சட்டத்தை ஊர்ல எல்லாரும் அவரு பொண்டாட்டி ஜிஹான் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, 85ல கோர்ட்டு தூக்கிப் போட்டுருச்சு, கொண்டு வந்த முறை சரியில்லன்னு. மேலேர்ந்து வர்றதுக்கு இந்த ஆபத்து உண்டு. மொராக்கோவுலயும் மேலேர்ந்துதான் வந்துச்சு, ஆனா பார்லிமெண்ட் வழியா, உலமாக்களையும் உக்கார வச்சு. மெதுவா போனதுக்கு காரணமும் அதுதான், நிலைச்சு நின்னதுக்கு காரணமும் அதுதான்னு எனக்குத் தோணுது.

26 ஜனவரி
பாண்டிச்சேரி வக்கீலம்மா ஒருத்தங்க எழுதியிருந்த குறிப்பு நல்லா இருந்துச்சு: சட்டத்துல விதிவிலக்கு எங்க இருக்கோ அங்கதான் ஜனங்க குடியிருப்பாங்கன்னு. இங்க குழந்தைக் கல்யாணத்துல அதுதான் ஆச்சு. 18ன்னு 19ம் பிரிவு சொல்லுது, 20ம் பிரிவு ஜட்ஜு நினைச்சா குறைக்கலாம்ங்குது. எவ்வளவு குறைக்கலாம்னு கீழ்வரம்பு கிடையாது. டாக்டர் பாத்து எழுதிக்குடுத்தாலும் போதும், சமூக விசாரணை பண்ணினாலும் போதும், ரெண்டுல ஒண்ணு. பொண்ணு உசரம் இருக்கு, உடம்பு இருக்கு, சரி. 2004ல அப்படி அனுமதி வாங்கின கல்யாணம் 18,000 சொச்சம், 2011ல 39,000 கிட்ட. சட்டம் வந்த பிறகு ஏறியிருக்கு பாருங்க! அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இறங்குச்சு, இப்பவும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்குலதான்.

மலைப்பக்கம் இன்னொரு வழி. ஃபாத்திஹா (குர்ஆனோட முதல் அத்தியாயம்) ஓதி கல்யாணம், பேப்பர் இல்ல. பொண்ணு கர்ப்பமானதும் கோர்ட்டுக்கு வந்து, நாங்க ஏற்கெனவே கல்யாணம் பண்ணிட்டோம், பதிஞ்சு குடுங்கன்னு 16ம் பிரிவுல மனு. அஞ்சு வருஷத்துக்குன்னு திறந்த ஜன்னல், நீட்டி நீட்டி 2019 பிப்ரவரியிலதான் சாத்தினாங்க. சின்னப் பொண்ணுங்களும் அதுல வந்தாங்க, ரெண்டாம் பொண்டாட்டிங்களும் அதுலதான் வந்தாங்க.

இப்ப யோசனை: 18, விதிவிலக்குன்னா 17, அதுக்குக் கீழ கிடையாது. விதிவிலக்கே வேண்டாம்னு பெண்கள் அமைப்புங்க கேட்டுச்சு, கிடைக்கல.

27 ஜனவரி
2012ல இங்க லராஷ்ங்கற ஊர் பக்கத்துல செத்துப்போன 16 வயசுப் பொண்ணு விஷயமும் இதுதானான்னு கேக்குறீங்க. இல்ல, அது குடும்பச் சட்டத்துல வராது, தண்டனைச் சட்டம் 475ம் பிரிவு. கெடுத்தவனுக்கே கட்டி வச்சா அவன் தப்பிச்சுக்கலாம்னு இருந்துச்சு. கட்டி வச்சாங்க, அந்தப் பிள்ளை எலி மருந்து குடிச்சிருச்சு. நாடே கொதிச்சு, 2014ல அந்தப் பகுதியை எடுத்தாங்க. ரெண்டையும் கலக்காதீங்க. ஆனா கட்டி வச்சது ஒரு ஜட்ஜோட அனுமதியோடதான், அந்த வகையில 20ம் பிரிவும் உள்ள வருது.

2 பிப்ரவரி
ஒரு நிக்காஹுக்குப் போயிட்டு வந்தேன், அதைப் பத்தி எழுதணும்.

இங்க பள்ளிவாசல் லெப்பை எல்லாம் கிடையாது, ரெண்டு அதூல் (நிக்காஹ் ஒப்பந்தம் எழுதுற நோட்டரி மாதிரி) வருவாங்க. வெள்ளை ஜெல்லாபா (நீள அங்கி), ஒருத்தர் சிவப்புத் தொப்பி, கையில தடிப் புத்தகம். (2018லேர்ந்து பொம்பளைங்களும் அதூல் ஆகலாம்னு ராஜா அனுமதி குடுத்துட்டாரு, ஆனா நான் போனதுல ரெண்டு பேரும் தாத்தாதான்.) பாலும் பேரீச்சம்பழமும் வந்துச்சு. மஹர் (மாப்பிள்ளை பொண்ணுக்குக் குடுக்குறது) எவ்வளவு, கையில எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு எழுதினாங்க. பொண்ணுகிட்டயே நேரா சம்மதம் கேட்டாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது, எங்க ஊர்ல உள்ளறையில ஒரு தலையசைப்போட முடிஞ்சுரும். அப்புறம் பெரியவரு எழுதிக்கிட்டே, தலையத் தூக்காம, "சொத்து பத்தி தனி ஒப்பந்தம் ஏதாவது உண்டா"ன்னு கேட்டாரு. 49ம் பிரிவு அது. ரெண்டு பேர் சொத்தும் தனித்தனி, ஆனா கல்யாணத்துக்குப் பிறகு சேக்குறதை எப்படிப் பிரிக்கறதுன்னு தனிப் பேப்பர்ல எழுதிக்கலாம், அதை அதூல் சொல்லியே ஆகணும். பொண்ணு வாயைத் திறக்குறதுக்குள்ள அதோட உம்மா "லா, லா, அதெல்லாம் எதுக்கு, அல்லாஹ் இருக்கான்"னு சொல்ல, பின்னாடி யாரோ குலவை போட, முடிஞ்சுபோச்சு. பொண்ணு பேங்க்ல வேலை பாக்குது. ஃப்ளாட்டுக்கு லோன் ரெண்டு சம்பளத்துலயும் போகப்போகுது, பத்திரம் மாப்பிள்ளை பேர்ல. நான் அந்தப் பொண்ணோட மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தேன், அது மருதாணிக் கையைப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

கல்யாணத்தன்னைக்கே பிரியறதைப் பத்திப் பேசறதான்னு எல்லாருக்கும் கூச்சம். அதனால அந்தப் பேப்பரை எழுதுறவங்க ரொம்பக் கம்மி. இப்ப வந்திருக்குற யோசனை அதைச் சுத்தி வருது: ஒப்பந்தம் இருக்கோ இல்லையோ, வீட்ல பொம்பளை செய்யுற வேலையும் சொத்து சேத்ததுல பங்குதான்னு கணக்குல எடுக்கணும்னு. எப்படி அளப்பாங்கன்னு கேட்டா யாருக்கும் தெளிவா பதில் இல்ல, ஆம்பளைங்க டீக்கடையில இதை வச்சுத்தான் ஜோக் அடிக்கிறாங்க, "தஜீன் சமைச்சதுக்கு எத்தனை சதவீதம், துணி துவைச்சதுக்கு எத்தனை சதவீதம்"னு.

3 பிப்ரவரி
அங்க வரதட்சணையே இல்லையான்னு கேட்டவங்களுக்கு: ஆமா, இங்க மஹர்தான், பொண்ணு வீட்ல கைக்கூலி (அதான் வரதட்சணை) வாங்குற வழக்கம் இல்ல. நம்ம ஆளுங்க கைக்கூலி வாங்குவாங்கன்னு ஒரு தடவை இங்க பொம்பளைங்ககிட்ட சொன்னேன். அவங்க என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஷரீஅத் பத்தி இந்த இழையில வகுப்பு எடுத்த மூணு பேரும் அதுக்கு என்ன சொல்றீங்க?

3 பிப்ரவரி, ஒரு மணி நேரம் கழிச்சு
ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. சரி.

15 பிப்ரவரி
சொத்துக்கு வருவோம், எல்லாரும் அதைத்தான் கேக்குறீங்க.

மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணுங்கறதை யாரும் தொடல. துனிசியாவுல ஜனாதிபதி அல்-சிப்சி 2017ல தொட்டுப் பாத்தாரு, மந்திரிசபை வரைக்கும் போச்சு, 2019ல அவரு மவுத்தாயிட்டாரு, அப்படியே நின்னுருச்சு. மொராக்கோவுல கேட்டது அதை விடச் சின்னது: தஅஸீப். மகனே இல்லாம பொண்ணுங்க மட்டும் இருந்தா, ஒரு பொண்ணுன்னா பாதி, ரெண்டும் அதுக்கு மேலயும்னா மூணுல ரெண்டு பங்கு, மத்த வாரிசுங்களுக்குக் குடுத்தது போக மிச்சம் வாப்பாவோட ஆம்பளை உறவுக்கு. சாச்சா (சித்தப்பா), பெரியவாப்பா, அவங்க மகன்கள். ஒரு காலத்துல அந்த சாச்சாதான் அந்தப் பிள்ளைங்களைக் காப்பாத்துவாரு, அதுக்குத்தான் அந்தப் பங்குன்னு சொல்லுவாங்க. இப்ப சாச்சா மௌத்து வீட்டுக்கு வர்றாரு, நாப்பதாம் நாள் பங்கு கேட்டு வர்றாரு, அதோட சரி.

உயர் உலமா கவுன்சில்கிட்ட 17 கேள்வி போச்சு. மூணுக்கு முடியாதுன்னுட்டாங்க: தஅஸீபை எடுக்கறது, டிஎன்ஏ வச்சு தகப்பனை நிர்ணயிக்கிறது, முஸ்லிமும் முஸ்லிமல்லாதவரும் ஒருத்தர் சொத்துக்கு ஒருத்தர் வாரிசாகறது. தஅஸீபுக்கு பதிலா ஒரு வழி குடுத்தாங்க, வாப்பா உசுரோட இருக்கும்போதே மகளுக்கு ஹிபா (தானப் பத்திரம்) எழுதலாம், சின்னப் பிள்ளையா இருந்து அது உண்மையில கையில வாங்காட்டியும் செல்லும்னு. ஜனங்க இதை ஏற்கெனவே செய்யுறாங்க, மகளுக்கு வித்த மாதிரி பத்திரம் போட்டு. இனிமே நேர் வழியா செய்யலாம்.

இன்னொண்ணு, புருஷன் பொண்டாட்டி குடியிருந்த வீட்டை பாகப்பிரிவினையிலேர்ந்து தள்ளி வச்சு, உசுரோட இருக்குறவங்க அங்கயே இருக்கலாம்னு யோசனை. விதவையை வெளிய தள்ளி வீட்டை வித்துப் பிரிச்ச கதை இங்க தெருவுக்குத் தெரு உண்டு.

16 பிப்ரவரி
நேத்து எழுதினதப் படிச்சுட்டு எங்க ஊர்க்காரர் "நாம அதெல்லாம் நூறு வருஷம் முன்னாடியே செஞ்சுட்டோம், நம்ம ஊர்ல வீடு பொண்ணுக்குத்தான்"னு மார் தட்டியிருக்காரு. உண்மைதான். காயல்பட்டினத்துல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவாரு, வீடு மகளுக்கு எழுதிருவாங்க, எங்க உம்மம்மா வீடு உம்மாவுக்கு, உம்மா வீடு எனக்கு. நான் இங்க பொம்பளைங்ககிட்ட இதைச் சொன்னப்ப வாயப் பொளந்தாங்க, எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ராத்திரி படுத்து யோசிச்சா வேற ஒண்ணு தோணுது. அந்த வீட்டைக் கட்டினது யாரு? என் ரெண்டு காக்காமாரும் சவூதியில இருபது வருஷம் வேகுனாங்க, தங்கச்சிமாருக்கு வீடு முடிச்சுட்டுத்தான் அவங்க நிக்காஹ். வீடு கட்ட முடியாத வீட்டுப் பொண்ணு? அது நிக்குது அப்படியே. பத்திரம் என் பேர்லதான், ஆனா அதை அடமானம் வைக்கணும்னு வந்தப்ப என்கிட்ட யாரும் கேக்கல, கையெழுத்துப் போடுன்னு பேனாவைத்தான் குடுத்தாங்க. இங்க லல்லாவுக்கு கையெழுத்துப் போட உரிமை இல்ல. எனக்கு இருந்துச்சு, மாட்டேன்னு சொல்லத்தான் வாய் வரல. எது தேவலைன்னு எனக்கே இன்னும் சொல்லத் தெரியல.

மகன் இல்லாத வீட்ல சாச்சா பங்கு நம்ம ஊர்லயும் அதே கணக்குதான், மறந்துராதீங்க. வீட்டை முன்னாடியே எழுதி வைக்கிறதால அது தெரியாம இருக்கு, கடையும் தென்னந்தோப்பும் பாகம் பிரிக்கறப்பத் தெரியும்.

27 பிப்ரவரி
இழை வேற பக்கம் போகுது, ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. நேத்து ராத்திரி டிவியில மந்திரி தவ்ஃபீக் ராஜாவோட கடிதத்தை வாசிச்சாரு: இந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு யாரும் குர்பானி குடுக்காதீங்க, மழை இல்ல, ஆடு குறைஞ்சுபோச்சு, நான் உங்க எல்லார் சார்பாவும் குடுக்கறேன்னு. இவங்க வாப்பா ஹசன் ராஜாவும் 96ல இப்படிச் சொல்லியிருக்காரு. எங்க பில்டிங்ல ஒரே சந்தோஷம், ஆடு விலை அப்படி. கீழ்வீட்டு பாட்டியம்மா மட்டும் ஈரல் போச்சேன்னு துக்கத்துல இருக்காங்க.

துபாய் தம்பி, உங்க "ராஜாவுக்கு யார் அதிகாரம்" கேள்விக்கு இதுவும் ஒரு பதில். குர்பானி விஷயத்துல அமீருல் முஃமினீன் சொன்னா ஊரே தலையாட்டுது. பொம்பளை கையெழுத்து விஷயத்துல அவரே சொன்னாலும் கமிஷன், கவுன்சில், மறுபடி கமிஷன்.

9 மார்ச்
நேத்து மகளிர் தினத்துக்கு எல்லாரும் பூ படம் போட்டீங்க, நன்றி. நான் சுலாலிய்யாத் (கோத்திர நிலத்துல பங்கு கேட்டுப் போராடின பொம்பளைங்க) பத்தி சொல்லலாம்னு நினைச்சேன், சுருக்கமா: இங்க கோத்திரத்துக்குப் பொதுவான நிலம் ஏராளமா இருக்கு, அதை வித்தா பங்கு ஆம்பளைங்களுக்கு மட்டும். 2007 வாக்குல கெனித்ரா பக்கத்து கிராமத்துப் பொம்பளைங்க எங்க பங்கு எங்கன்னு ரபாத்துல வந்து நின்னாங்க. படிப்பு கிடையாது, பாதிப் பேருக்கு பிரெஞ்சே தெரியாது. 2009ல உள்துறை சுற்றறிக்கை, 2019ல சட்டமே வந்துருச்சு, எண் 62-17. டிவியில வர்றது முழுக்க முதவ்வனாதான், எனக்கென்னவோ இவங்கதான் அதிகம் ஜெயிச்சவங்கன்னு படுது.

18 மார்ச்
நோம்பு நேரம், அதனால சுருக்கமா. காரைக்கால் குடும்பம், இப்ப பாரிஸ் பக்கம் இருக்குறவங்க, தங்கச்சி மகளுக்கு மொராக்கோ மாப்பிள்ளை பேசியிருக்கோம், நிக்காஹ் காசாபிளாங்காவுலதான், என்ன பாக்கணும்னு கேட்டிருந்தாங்க.

ஒண்ணு, ரெண்டாம் கல்யாணம் பண்ண மாட்டேன்ங்கற நிபந்தனையை இப்ப இருக்குற சட்டத்துலயே ஒப்பந்தத்துல எழுதலாம், எழுதிட்டா ஜட்ஜே அனுமதி குடுக்க முடியாது, 40ம் பிரிவு. புதுசா வரப்போறது, அதை பொண்ணுகிட்ட கட்டாயம் கேட்டு எழுதணும்ங்கறது மட்டும்தான். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம். ரெண்டாவது, அந்த 49ம் பிரிவுப் பேப்பர், தனியா எழுதணும், அன்னைக்கு சபையில பேச்செடுத்தா குலவை போட்டு மூடிருவாங்க, ஒரு வாரம் முன்னாடியே அதூல் ஆபீசுக்கு பொண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் அனுப்புங்க. மூணாவது, ஒப்பந்தம் அரபியில இருக்கும், பொண்ணுக்கு பிரெஞ்சுதான் வரும்னா அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளரை வச்சு வரி வரியா படிக்கச் சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்ல மூஞ்சியைத் தூக்கினா, என் பேரைச் சொல்லி, காசாபிளாங்காவுல ஒரு கிழவி இப்படி பயமுறுத்தி வச்சிருக்கான்னு சொல்லிருங்க. வளைகாப்புக்கு, இல்ல மன்னிக்கணும் மருதாணிக்கு, நானும் வர்றேன், தேதி அனுப்புங்க.